ஓர் ஆழாக்குப் பாலுக்கு ஒரு மலை

வெள்ளையம்மாள் கட்டும் புல்லுக்கட்டில் பச்சை எப்போதும் வெளிப்பக்கம்தான் இருக்கும். காய்ந்தது, கட்டையானது, முள்ளோடு வந்தது எல்லாம் உள்ளே போய்விடும். இதை ஏமாற்று என்று அவள் நினைத்ததில்லை. மலையில் புல் அறுக்கும் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் கட்டினார்கள். வாங்குகிறவர்களுக்கும் அது தெரியும். கிழிந்த பாவாடைக்கு மேல் நல்ல புடவை உடுத்திக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவது மாதிரிதான் அதுவும்.

ஹபீபுன்னிசாவிடம் மட்டும் அது நடக்காது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு எருமைகளை வைத்துக்கொண்டிருந்த அந்த விதவைக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. கட்டு தரையில் விழுந்த சத்தம் கேட்டதும் வந்து, முழங்கை வரை கையை அதன் வயிற்றுக்குள் விட்டுத் துழாவுவாள்.

"இன்னா வெள்ளே, வெளிய மாப்பிள்ளை, உள்ள கெழவனா?"

"கெழவனயும் மாடு தின்னும் பாயம்மா. அதுக்கு இன்னா நிக்காவா பண்ணி வெக்கப் போறோம்?"

"வாய் ஜாஸ்தி உனக்கு. புல்லுதான் கம்மி."

தினமும் இந்தப் பேச்சு. தினமும் கட்டு தொட்டிக்குப் போய்விடும்.

எண்பத்து மூன்றில் வெள்ளையம்மாளுக்கு முப்பத்தாறு வயது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் விளைகிற மண் அது. பிடுங்குவதிலும் நடுவதிலும் அவள் கை தேர்ந்திருந்தது. கல்லுடைக்கும் முருகையனுக்கு வாழ்க்கைப்பட்டுத் திருவண்ணாமலைக்கு வந்தபின், கோயிலின் மேற்குப் பேகோபுரத்துக்குப் பின்னால் மலையடிவாரத்தில் வரிசையாக நின்ற குடிசைகளில் ஒன்று அவளுடையதாயிற்று. வாசலைத் தாண்டினால் மலை. ஊருக்கெல்லாம் அது சாமி. அவளுக்கும் சாமிதான். காலையில் கருக்கரிவாளையும் சும்மாட்டுத் துணியையும் எடுக்கும்போது ஒரு கும்பிடு போடுவாள். அப்புறம் அது ஏற வேண்டிய இடம், அவ்வளவுதான்.

மலை முழுக்கப் புல் மாதிரி தெரியும். பாதிக்கு மேல் வாசனைப் புல். மாடு அதை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கூரை வேயத்தான் ஆகும். தின்கிற புல் பாறை இடுக்கிலும் ஓடை ஓரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடக்கும். எந்தப் பாறைக்குப் பின்னால் எப்போது நிழல் விழும், எங்கே ஈரம் தங்கும் என்று தெரிந்தவளுக்குத்தான் ஒரு நாளில் இரண்டு கட்டு தேறும். ஒரு கட்டு ஹபீபுன்னிசாவுக்கு. இன்னொன்றைக் கடைத்தெருவில் விற்றுக் கேழ்வரகு வாங்குவாள்.

இரண்டு பிள்ளைகள் பிறந்து செத்திருந்தன. எழுபத்து நாலில் ஒன்று, எழுபத்தெட்டில் ஒன்று. இரண்டுக்கும் அழகான பெயர் வைத்திருந்தாள். எண்பத்து மூன்று தை மாதத்தில் மூன்றாவதாகப் பெண் குழந்தை பிறந்தபோது, பக்கத்துக் குடிசை ரேணுகாம்பாள் சொன்னாள்: "இதுக்குப் பேரு வெக்காத. குப்பையில போட்டு, தவுட்டுக்கு வித்துடு. எமன் வந்தாலும், இது வெள்ளையம்மா புள்ள இல்லன்னு போயிடுவான்."

செத்த பிள்ளைக்குப் பின் பிறந்த பிள்ளைக்கு அப்படிச் செய்வது அந்தப் பக்கத்து வழக்கம். குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்த வேண்டும். வேறொருத்தி வந்து ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு பெற்றவளிடமே வளர்க்கக் கொடுப்பாள். யாரை வாங்கச் சொல்வது என்று வெள்ளையம்மாள் யோசிக்கவே இல்லை. தெரிந்தவர்களில் தவிடு இருந்தது ஒரே ஒருத்தி வீட்டில்தான்.

"அரே, நான் துலுக்கச்சி," என்றாள் ஹபீபுன்னிசா.

"அப்ப எமனுக்கு இன்னும் கொழப்பம். நல்லதுதான்."

ஹபீபுன்னிசா வயிறு குலுங்கச் சிரித்தாள். பதினைந்தாம் நாள் குழந்தையை அவள் கொல்லைச் சாணிமேட்டின் ஓரத்தில் துணி விரித்துக் கிடத்தினார்கள். அவள் தடவிக்கொண்டே வந்து ஒரு முறம் தவிட்டை வெள்ளையம்மாள் மடியில் கொட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கினாள். "இது என் புள்ள. நீ சும்மா வளத்துக் குடு." குழந்தைக்குக் குப்பம்மா என்று பெயராயிற்று. தவிட்டை வீட்டுக்கு எடுத்துப்போக வெள்ளையம்மாளுக்கு மனம் வரவில்லை. விற்ற பிள்ளையின் விலையைத் தின்பதா? திரும்பும்போது எருமைத் தொட்டியிலேயே அதைப் போட்டுவிட்டாள். கறவை எருமை மூக்கு நுனியில் ஒட்டிய தவிட்டை நாக்கால் துழாவித் தின்றது.

முந்தின மழைக்காலம் பொய்த்த வருஷம் அது. முருகையன் கட்டட வேலைக்கென்று பெங்களூர் போனவன் போனவன்தான். பங்குனி பிறந்தபோது வெள்ளையம்மாளின் மாரில் பால் வற்றிவிட்டது. குழந்தை சப்பிவிட்டு அழும், அழுதுவிட்டுச் சப்பும். இதைக் கேள்விப்பட்ட ஹபீபுன்னிசா திட்டினாள்.

"என் புள்ளைய நீ பட்டினி போடுவியா? காலையில ஒரு ஆழாக்கு, சாயந்திரம் ஒரு ஆழாக்கு வாங்கிக்கினு போ. ஆனா ஒண்ணு. எருமை தின்னாத்தான் கறக்கும். புல்லு ஒரு நாள் தப்பக் கூடாது."

இரண்டு எருமையில் ஒன்றுதான் கறவையில் இருந்தது. மற்றது சினை, ஐப்பசியில்தான் ஈனும். கறவையின் பாலை ஹபீபுன்னிசாவின் மகன் கலீல் ரஹ்மான் சைக்கிளில் கேன் கட்டி டீக்கடைகளுக்கும், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர்களுக்கும் ஊற்றினான். வீட்டுக்குக் கூட அளந்துதான். அதிலிருந்து இரண்டு ஆழாக்கு குப்பம்மாவுக்கு வந்தது. குழந்தையின் கன்னத்தில் சதை தெரிய ஆரம்பித்தது.

அந்தக் கோடையில்தான் வெள்ளையம்மாள் ஒரு கணக்கைப் போட ஆரம்பித்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள்; காலாலும் முதுகாலும் போட்ட கணக்கு. ஒரு கட்டுப் புல் அவள் கழுத்தை ஒடிக்கிற பாரம். எருமை அதைத் தின்றால் பெரும்பங்கு சாணியாக விழுகிறது. அந்தச் சாணி வறட்டியாகிறது, வறட்டி அடுப்பில் எரிகிறது. சரி. மிச்சமெல்லாம் எங்கே போகிறது? பால் வருவது சின்னச் சொம்பளவு. ஒரு நாள் காத்திருந்தபோது எருமையின் விலாவில் கை வைத்துப் பார்த்தாள். சுட்டது. மூச்சு சுட்டது. ஈயை ஓட்ட வால் ஓயாமல் ஆடியது, காது ஆடியது, தோல் சிலிர்த்தது.

"பாயம்மா, நான் கொண்டாந்த புல்லு எல்லாம் இங்க எரியுது. பாலா வர்றது மீந்தது மட்டுந்தான்."

"ஆமா. அது உயிரோட இருக்க வேணாவா? நீ மட்டும் இன்னா, தின்ன கூழெல்லாம் சதையாவா வெச்சிருக்கே?"

வெள்ளையம்மாள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். மலையேறியே எரிந்துவிடுகிறது என்று நினைத்தாள். புல் வெயிலைத் தின்கிறது, எருமை புல்லைத் தின்கிறது, குழந்தை பாலைத் தின்கிறது. ஒவ்வொரு கைக்கும் மாறும்போது பெரும்பங்கு சிந்திவிடுகிறது. சிந்தினது போக மீந்த சொட்டில் ஒரு குழந்தை நிற்கிறது. ஆகவே கட்டு சிறுத்தால் எருமை தன்னைக் காத்துக்கொள்ளும், சொட்டுத்தான் முதலில் நிற்கும்.

கட்டு சிறுத்தது. சித்திரையில் அடிவாரத்தில் தின்கிற புல்லே இல்லை. பாதி மலை ஏற வேண்டியிருந்தது. விற்பதற்கென்று இருந்த இரண்டாவது கட்டு நின்றுபோனது. அதோடு கேழ்வரகும் பாதியாயிற்று. பிண்ணாக்கு டவுனில் கிடைக்கவில்லை. வறட்டி தட்டிக் கொடுத்தாள், தொட்டி கழுவினாள்; ஹபீபுன்னிசா வீட்டில் மீந்த சோறு வந்தது. குழந்தையைப் பகலெல்லாம் ரேணுகாம்பாள் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. நாக்குதான் உண்டு.

"காலையில இன்னா குடிச்சே?"

"கூழு."

"கூழா, கூழு இருந்த சட்டிய கழுவின தண்ணியா?"

"ரெண்டுந்தான்."

"அத்தக் குடிச்சிட்டு அந்த ஒசரம் ஏறுனா, ஏறும்போதே தீந்துடும்டி. எறங்கறதுக்கு இன்னா வெச்சிருக்கே?"

"எறங்கறதுக்கு கட்டு தள்ளும். சொம்மா வந்துடலாம்," என்று சொல்லி வெள்ளையம்மாள் சிரித்தாள். உண்மையில் இறங்கும்போதுதான் கண் இருண்டது. இரண்டு தரம் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருப்பதற்கும் ஏதாவது செலவழிய வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

வைகாசியில் மலை எரிந்தது. யாரோ பீடியைப் போட்டிருக்கலாம், யாரோ வேண்டுமென்றே வைத்திருக்கலாம். கோடைக்குக் கோடை எரிகிற மலைதான். இரண்டு நாள் புகை. மூன்றாம் நாள் ஏறிப்போனவள் கரிச்சாம்பலில் கணுக்கால் புதைய நின்றாள். ஒரு வருஷத்து வெயில் அந்தப் புல்லில் இருந்தது. எந்த வயிற்றிலும் போகாமல் ஒரே மூச்சில் திரும்ப வெளியே போய்விட்டது. ஓடைப் பள்ளத்தில் மட்டும் ஓரமாகக் கொஞ்சம் தப்பியிருந்தது. அதை அறுத்து, கூரைக்கான வாசனைப் புல்லையும் உள்ளே திணித்துக் கட்டினாள். ஹபீபுன்னிசாவின் விரல்கள் உடனே கண்டுபிடித்துவிட்டன. அவள் அன்று ஜோக் அடிக்கவில்லை.

"பால் எறங்கிடுச்சு வெள்ளே. டீக்கடைக்காரன் கத்தறான். இப்படியே போனா ஒரு ஆழாக்குதான் தர முடியும்."

"ஒரு வாரம் பொறு பாயம்மா. மழை வரும்."

மழை வந்தது. ஆனி நடுவில், ஒரே ஒரு மாலையில், இடியோடு கொட்டிவிட்டுப் போய்விட்டது. கரிந்த மலையில் பச்சை கிளம்பப் பதினைந்து நாளாவது ஆகும். அதற்குள் குழந்தைக்கு வருவது ஓர் ஆழாக்காகிவிட்டது. அதில் தண்ணீர் ஊற்றி இரண்டாக்கிக் கொடுத்தாள். குப்பம்மா குடித்துவிட்டுச் சொம்பையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மழை பெய்த எட்டாம் நாள் வெள்ளையம்மாள் மலைக்குப் போகவில்லை. வேலூர் ரோட்டில் வடக்கே நடந்தாள். வேங்கிக்கால் ஏரிக்கு இந்தப் பக்கம் வயல்கள் உண்டு, வரப்பில் ஏதாவது தழைந்திருக்கும் என்று நம்பிக்கை. வரப்புகளை ஊர்க்காரர்களின் ஆடுகள் ஏற்கெனவே மழித்திருந்தன. திரும்பலாம் என்று நினைத்தபோதுதான் அந்தக் காணி கண்ணில் பட்டது. சக்கரவர்த்தி என்பவருடைய சோளக்காடு. கோடையில் தண்ணீரில்லாமல் பயிர் முழங்கால் உயரத்திலேயே காய்ந்துபோக, அவர் அதை வெட்டிப் போட்டுவிட்டிருந்தார். மழை விழுந்ததும் வெட்டிய அடியிலிருந்து துளிர் கிளம்பியிருந்தது. ஒரு சாண் உயரம். காணி முழுக்க, கண் கூசும் பச்சை.

காணியின் வாயில் வேலமுள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தது. முள்ளின் மேல் ஒரு கந்தல் துணி கட்டியிருந்தது.

வெள்ளையம்மாள் முள்ளைப் பார்த்தாள். இவ்வளவு பச்சையை வைத்துக்கொண்டு முள்ளைப் போட்டு மூடியிருக்கிறானே, என்ன மனுஷன், என்று நினைத்தாள். அவள் வளர்ந்த மண்ணில் சோளம் கிடையாது. சோளத்தட்டை மாட்டுக்கு நல்ல தீனி என்பது மட்டும் தெரியும். மார்கழியில் வண்டி வண்டியாகப் போவதைப் பார்த்திருக்கிறாள். சுற்றிலும் ஆடுகள் வரப்பைக் கரண்டியிருக்க, அந்தக் காணிக்குள் ஓர் ஆட்டின் குளம்படி கூட இல்லையே, ஏன் என்று அவள் யோசித்திருக்கலாம். பசித்திருந்தவள் யோசித்தது வேறு: யாராவது பார்க்கிறார்களா?

யாரும் இல்லை. முள்ளை நகர்த்தாமல் ஓரமாகத் தாண்டிக் குதித்தாள். கை தானாக ஓடியது. மடி நிறைய, துணி நிறைய அறுத்தாள். ஒரு துளிரைக் கடித்துப் பார்த்தாள், கொஞ்சம் தித்தித்தது.

திருட்டுப் பச்சையை ஊருக்குள் எப்படித் தூக்கிப்போவது? அகன்ற இலை, பார்த்தாலே சோளம் என்று தெரியும். புளியமரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விரல் நீளத்துக்குப் பொடிப்பொடியாக நறுக்கினாள். ஒன்றும் கிடைக்காவிட்டால் இருக்கட்டும் என்று முந்தின நாள் மிச்சத்திலிருந்து கொண்டுவந்திருந்த காய்ந்த மலைப்புல்லைச் சுற்றிலும் வைத்து, துளிரை நடுவில் திணித்துக் கட்டினாள். பதினேழு வருஷமாகப் புல் கட்டுகிறவள், அன்றைக்குத்தான் முதல்முறையாகக் காய்ந்ததை வெளியே வைத்துப் பச்சையை உள்ளே வைத்தாள்.

சாயங்காலம் கட்டு சந்துக்குள் வந்து விழுந்தது. கலீல் சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தான். ஹபீபுன்னிசா வழக்கம்போல் கையை உள்ளே விட்டாள். விட்ட கை அப்படியே நின்றது. முகம் மலர்ந்தது.

"யா அல்லா! இன்னிக்கு மாப்பிள்ளைய உள்ள ஒளிச்சு வெச்சிருக்கியே! ஈரம்... இம்மாம் எளசு. எங்க கெடைச்சுது?"

"மழை பேஞ்சுதுல்ல பாயம்மா. ஓடைக்குள்ள."

"நல்லாரு. இன்னிக்கு உனக்கு ரெண்டு ஆழாக்கு."

பச்சையில் பாதியைக் கறவையின் தொட்டியில் கொட்டினாள். மீதியைச் சினை எருமைக்கென்று பக்கத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, சொம்பை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கறக்க உட்கார்ந்தாள். எருமை தலை நிமிராமல் தின்றது. இரண்டு மாதமாக அது அப்படித் தின்றதில்லை. பால் சொம்பில் சரசரவென்று விழும் சத்தம் கேட்டது. வெள்ளையம்மாள் தன் தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இருந்தாள். பல நாளுக்குப் பின் அவள் முதுகு தளர்ந்து சுவரில் சாய்ந்தது.

பாதிச் சொம்பு நிறைந்திருக்கும். எருமை தின்பதை நிறுத்திவிட்டுப் பெரிதாக மூச்சிழுத்தது. பிறகு இன்னொன்று. கால்கள் நடுங்கின. "ஹோய், ஹோய், நில்லு," என்று ஹபீபுன்னிசா தட்டிக்கொடுத்தாள். அது வாயைத் திறந்து நுரை தள்ளியது. கலீல் ஓடிவந்து அம்மாவைத் தோளைப் பிடித்து இழுப்பதற்கும் எருமை பக்கவாட்டில் விழுவதற்கும் சரியாக இருந்தது. சுவர் அதிர்ந்தது.

அந்த நேரத்தில் வெள்ளையம்மாளுக்கு முள் தெரிந்தது. முள்ளின் மேல் கட்டியிருந்த கந்தல் தெரிந்தது. ஒரு குளம்படி கூட இல்லாத காணி தெரிந்தது. சினை எருமை கழுத்தை நீட்டி, ஒதுக்கி வைத்திருந்த பச்சையில் ஒரு வாய் எடுத்துவிட்டிருந்தது. அவள் பாய்ந்தாள். அதன் வாய்க்குள் இரண்டு கையையும் விட்டு, பல் விரலைக் கிழிக்கக் கிழிக்க, தின்றதைத் தோண்டி எடுத்தாள். மிச்சக் குவியலைக் காலால் எத்திச் சந்துக்குத் தள்ளினாள்.

கலீல் அவளைப் பார்த்தான்.

"அக்கா. உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் குனிந்து நறுக்கிய துண்டுகளில் ஒரு பிடி அள்ளி, வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்து பார்த்தான்.

"சோளம்! வெட்டுன கட்டையில வந்த துளிரு. இத்தப் போயி... காய்ஞ்ச சோளம் மழையில துளிர்த்தா வெஷம்க்கா, அது ஒசரமாகிக் கதிர் வர்ற வரைக்கும் யாரும் ஆட்டக் கூட வுட மாட்டாங்க! ஏன் நறுக்குனே? ஏன் உள்ள வெச்சே?"

"திருடுனேன்," என்றாள் வெள்ளையம்மாள். "தெரியாம இருக்கத்தான் நறுக்குனேன். வெஷம்னு தெரியாதுப்பா. சத்தியமா தெரியாது."

வெல்லத்தைக் கரைத்து எருமையின் வாயில் ஊற்றினான் கலீல். மாட்டாஸ்பத்திரிக்குப் போகச் சைக்கிளை எடுத்தான். சந்தின் முனை வரை போவதற்குள் ஹபீபுன்னிசா கூப்பிட்டுவிட்டாள். எருமையின் கழுத்தில் வைத்த கையை அவள் எடுக்கவே இல்லை. சூடு அப்படியே இருந்தது. அசைவுதான் நின்றுவிட்டது.

"அப்பவே கத்தி போட்டிருந்தா கறியாவது மிஞ்சியிருக்குமே அம்மா," என்றான் கலீல், அழுகையோடு.

"செத்ததுக்கு அப்புறம் இன்னா கத்தி? உயிரு இருந்தாலும் போட வுட்டிருக்க மாட்டேன். வெஷம் தின்னத அறுத்து யார் புள்ள வாயில வெப்பே?"

பிறகு அவள் சொம்பைத் தடவி எடுத்தாள். பாதிச் சொம்புப் பால். விழுவதற்கு முன் கறந்த பால். அதில் விஷம் இருக்குமா இராதா என்று அந்தச் சந்தில் யாருக்கும் தெரியாது. வெள்ளையம்மாள் மடியில் தூக்கு இருந்தது. ஹபீபுன்னிசா அவள் பக்கம் முகத்தைத் திருப்பாமல் பாலைச் சாக்கடையில் ஊற்றினாள். ஒரு நாய் ஓடிவந்தது. கலீல் கல்லை எடுத்து அதை விரட்டினான்.

"போ வெள்ளே," என்றாள் ஹபீபுன்னிசா. "இனிமே வராதே."

மறுநாள் வண்டி வைத்து எருமையை ஊருக்கு வெளியே ஏரிக்கரைப் பொட்டலில் போட்டுவிட்டு வந்தார்கள். தோலை உரித்துக்கொண்டவர்கள் போனபின் கழுகுகள் இறங்கின. அந்தக் காலத்தில் அவை நிறைய உண்டு. வெள்ளையம்மாள் கரிந்த மலையின் பாதியில் உட்கார்ந்து, அவை வட்டமிட்டு இறங்குவதையும் வயிறு நிறைந்து கனத்துக் கிளம்புவதையும் பார்த்தாள். அந்த எருமைக்கென்று இரண்டு வருஷம் தலையில் தூக்கிச் சுமந்த புல். அவள் ஏறவே முடியாத உயரத்துக்கு அதை அவை தூக்கிக்கொண்டு போயின. மூன்றாம் நாள் வெறும் எலும்பு.

குழந்தைக்கு அவள் செய்யாததில்லை. கேழ்வரகை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துக் காய்ச்சி ஊட்டினாள். மலையையும் மாட்டையும் சுற்றாமல் தானியத்திலிருந்து நேராகக் குழந்தைக்கு. தன் பங்குக் கேழ்வரகு அது. சில நாள் அது ஒத்துக்கொண்டது. கலீல் ஒரு நாள், வந்த சுவடு தெரியாமல், குடிசை வாசலில் பால்பவுடர் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டுப் போனான். அம்மாவுக்குத் தெரிந்து வைத்தானா தெரியாமல் வைத்தானா என்று அவள் கடைசிவரை கேட்கவில்லை. ஆடியில் கிணறுகள் அடிமட்டத்துக்குப் போயின. சேற்றுத் தண்ணீரை வடிகட்டிக் கொதிக்கவைக்கும் அளவுக்கு வறட்டியும் இல்லை, ஹபீபுன்னிசா வீட்டிலிருந்துதானே வறட்டி வந்துகொண்டிருந்தது. குழந்தைக்கு வயிறு போக ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாள், மருந்து கொடுத்தார்கள். தேறியது. மறுபடி போயிற்று. பிறகு தேறவில்லை.

ஆடி இருபத்தாறு. ரேணுகாம்பாள் மடியில்தான் உயிர் போனது. வெள்ளையம்மாள் மலையில் இருந்தாள். இறங்கி வந்தவளிடம் ரேணுகாம்பாள் குழந்தையை நீட்டினாள். கையில் வாங்கியபோது அது இன்னும் சூடாக இருந்தது.

"தவுட்டுக்கு வித்தோமே," என்று மட்டும் சொன்னாள் வெள்ளையம்மாள். "அப்படியும் அவனுக்குத் தெரிஞ்சுடுச்சே."

ஐப்பசியில் மழை பிடித்தது. மலை பச்சையாயிற்று. மற்றப் பெண்கள் இரண்டு கட்டு, மூன்று கட்டு என்று இறக்கினார்கள். வெள்ளையம்மாளும் அறுத்தாள், விற்றாள், தின்றாள். ஒரு நாள் ஏரிக்கரைப் பொட்டல் வழியாக வந்தபோது நின்றுவிட்டாள். கட்டாந்தரை நடுவே ஓரிடத்தில் மட்டும் புல் முழங்கால் உயரம் வளர்ந்து நின்றது. கறுத்த பச்சை. நாலடி அகலம், ஏழெட்டு அடி நீளம். எலும்பு பொறுக்குகிறவர்கள் விட்டுப்போன ஒரு குளம்பு ஓரமாகக் கிடந்தது. கழுகு தின்றது போக, நாய் தின்றது போக, மண் தின்றது இவ்வளவு.

அவள் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். அருகும் ஊசிப்புல்லும்தான். தெரியாத இலை ஒன்றுகூட இல்லை என்று நிச்சயமானபின் அறுத்தாள். கட்டவில்லை. துணியில் தளர அள்ளிக்கொண்டு சந்துக்கு நடந்தாள்.

சினை எருமை ஈன்றிருந்தது. கன்று வாசலில் நின்று வாலை ஆட்டியது. வெள்ளையம்மாள் உள்ளே போகாமல் புல்லை வாசலில் போட்டாள். சத்தம் கேட்டு ஹபீபுன்னிசா வந்தாள். கண் இன்னும் மங்கியிருக்க வேண்டும், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"யாரு?"

வெள்ளையம்மாள் புல்லை அவள் கால் பக்கம் நகர்த்தினாள். ஹபீபுன்னிசா குனிந்தாள். கையை உள்ளே விடவில்லை. புல் முழுவதையும் தரையில் பரப்பி, உட்கார்ந்து, பிடி பிடியாக எடுத்து விரலில் உருட்டி, முகர்ந்து, கடித்துத் துப்பி, மறுபக்கம் வைத்தாள். வெகுநேரம் ஆயிற்று. கன்று இரண்டு தரம் வந்து மோந்துவிட்டுப் போனது. கடைசிப் பிடியும் முடிந்தபின் அவள் எழுந்து அதை எருமைக்குப் போட்டாள். அது தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். அப்புறம் கறந்தாள்.

உள்ளே போய்ப் பழைய அளவை எடுத்துவந்து ஓர் ஆழாக்கு அளந்து, ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

"எதுக்கு பாயம்மா? வீட்ல குடிக்க யாரு இருக்கா?"

"எனக்குத் தெரியும். கலீல் சொன்னான். அது என் புள்ளையும்தான்." ஹபீபுன்னிசா டம்ளரை அவள் கைக்குள் வைத்து அழுத்தினாள். "இங்கயே குடி. நாளைக்கு மலை ஏற வேணாவா?"

வெள்ளையம்மாள் வாசலில் உட்கார்ந்து குடித்தாள். அத்தனை வருஷம் அந்த வீட்டுக்குப் புல் போட்டவள், அந்த வீட்டுப் பாலை அதுவரை குடித்ததில்லை. சூடாக இருந்தது. தொண்டையில் இறங்கி, நெஞ்சில் இறங்கி, வயிற்றில் போய் நின்றது. உடம்பு அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

மறுநாளும் ஏறினாள். அதற்கப்புறம் ஆறு வருஷம், கால் விட்டுப்போகும் வரை ஏறினாள். கொண்டுவந்த கட்டை யாரும் கேட்காமலே வாசலில் அவிழ்த்து, முழுக்கப் பரப்பி வைத்துவிட்டு, ஓரமாக நின்றுகொள்வாள்.